பெல் அடித்தால் போதுமா?

அஸர் தொழுகை முடிந்ததும் உங்கள் மகன் குர்ஆன் மத்ரஸாவுக்குச் சைக்கிளில் புறப்படுகிறான். வீதியில் லொறியும் பஸ்ஸும் பறக்கின்றன. "நடைபாதையால் போ மகன்" என்று நீங்களே சொல்லி அனுப்புகிறீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால், அதே நடைபாதையில் காது மந்தமான ஒரு மூதாட்டியும் வருகிறாரே!

ஜப்பானில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் 70 வயதை எட்டியவர்களும் நடைபாதையில் சைக்கிள் ஓட்டச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் வீதிப் பக்கமாக, மெதுவாகவே ஓட்ட வேண்டும். நடப்பவருக்கு இடைஞ்சலானால் நின்றுவிட வேண்டும். பெல் அடித்து ஆளை விலக்குவது அங்கே குற்றம். நம் பிள்ளைகளோ பெல்லை அடித்துவிட்டால் பாதை தமக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். திடுக்கிட்ட மூதாட்டி எந்தப் பக்கம் விலகுவார் என்று யாருக்குத் தெரியும்? விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அந்த வயதில் அது இலேசில் பொருந்தாது.

பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைக்கு ஓதிக் கொடுக்கிறோம். அந்தத் தொல்லை கல்லும் முள்ளும் மட்டும்தானா? ஆட்கள் நெருக்கமாக நடக்கும் இடத்தில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இன்றைக்கு அவன் புறப்படுமுன் பிரேக்கை நீங்களே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.