எட்டி நில் என்கிறது வால்

கிலுகிலுப்பைப் பாம்பின் வாலில் ஒரு சின்ன ஏமாற்று வேலை இருக்கிறது. நாம் அதில் ஏமாந்துபோவதுதான் இரண்டு தரப்புக்கும் நல்லது.

ஆஸ்திரியாவில் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் சக்னோ குழுவினர் இதைப் பற்றிய ஆய்வை 2021இல் வெளியிட்டார்கள். பாம்பை நோக்கி ஓர் உருவத்தை மெல்ல நகர்த்தினால், அது நெருங்க நெருங்க வாலின் அதிர்வு வேகம் படிப்படியாகக் கூடுகிறது. நொடிக்குச் சுமார் 40 அதிர்வுகள் வரை இப்படியே. பிறகு திடீரென்று 60க்கு மேல், சில சமயம் 100 வரைகூட ஒரே தாவல். காரைப் பின்னால் எடுக்கும்போது விட்டுவிட்டு ஒலிக்கும் பீப் சத்தம், சுவர் நெருங்கியதும் விடாமல் கத்துமே, ஏறக்குறைய அந்த உத்திதான். அடுத்து, 11 பேருக்கு மெய்நிகர் காட்சிக் கண்ணாடி மாட்டி, கணினி உருவாக்கிய புல்வெளியில் நடக்கவிட்டார்கள். ஒளிந்திருக்கும் ‘பாம்பு’ ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்போது சொல்ல வேண்டும். ஒலி தாவிய கணத்தில், உண்மையில் இன்னும் தள்ளியே இருந்தவர்கள், பாம்பு காலடிக்கே வந்துவிட்டதாக நினைத்தார்கள். தான் இருப்பதைவிடப் பக்கத்தில் இருப்பதாக நம்பவைத்து நம்மை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது பாம்பு.

வால் நுனியிலுள்ள அந்தக் கிலுகிலுப்பைக்குள் மணியோ கல்லோ எதுவும் கிடையாது. நம் நகத்தில் இருக்கும் கெரட்டினால் ஆன வெற்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்திருக்கும்; ஒன்றோடொன்று உரசித்தான் அந்தச் சத்தம். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். வளையத்தை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்பது கட்டுக்கதை. வருடத்துக்கு ஒரு முறைக்கு மேலும் சட்டை உரியும், பழைய வளையங்கள் உடைந்தும் விழும்.

அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இந்தப் பாம்பு கிடையாது. கனடாவின் தெற்கிலிருந்து அர்ஜென்டினா வரை முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மட்டும் 13. ஆனால் உறவு நம் பக்கமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில் குழிவிரியனும் இதே குடும்பக் கிளைதான். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள ஒரு குழி இந்தக் கிளையின் அடையாளம். இரையின் உடல் வெப்பத்தை இருட்டிலும் உணரும் உறுப்பு அது.

இந்தக் குழி இருப்பது கலிபோர்னியாவின் தரை அணிலுக்கு எப்படியோ ‘தெரியும்’. கிலுகிலுப்பைப் பாம்பு எதிரே வந்தால் அணில் வாலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வாலைச் சூடாக்கி ஆட்டுகிறது. வெப்பத்தைப் பார்க்கும் பாம்புக்கு அணில் பெரிதாகத் தெரியலாம். அது தாக்காமல் தயங்குகிறது. வெப்பக்குழி இல்லாத கோஃபர் பாம்பு வந்தால் அணில் வாலை ஆட்டுவதோடு சரி, சூடாக்குவதில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இதை வெப்பக் கேமராவில் படம் பிடித்தார்கள். பாம்புக்குப் பாம்பு மொழியை மாற்றிப் பேசும் அணில்! எனக்கு இதற்கு மேல் ஓர் அதிசயம் வேண்டாம்.

மனிதர் விஷயத்துக்கு வருவோம். கிலுகிலுப்பைப் பாம்பு நஞ்சை வைத்திருப்பது இரை பிடிக்க. விழுங்க முடியாத ஆளிடம் அதைச் செலவழிப்பது நஷ்டம். ஆகவே அதன் முதல் உத்தி அசையாமல் கிடப்பது. ஒலி எழுப்புவது அதற்குப் பிறகுதான். சத்தம் கேட்கவில்லை என்பதால் பாம்பு இல்லை என்று நினைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையோ காலையோ வைக்காமலிருப்பதும், இரவில் டார்ச்சும், கணுக்காலை மூடும் ஷூவும் பெரும்பாலான ஆபத்தைத் தவிர்த்துவிடும். பொதுவாகத் தன் உடல் நீளத்தில் பாதித் தூரத்துக்குத்தான் அது பாயும். இரண்டு மீட்டர் பின்வாங்கினால் போதும், கதை முடிந்தது. அடிக்கப் போவதும் பிடிக்கப் போவதும்தான் கையில் கடி வாங்கும் வழி. வெட்டிய தலைகூட நெடுநேரம் கடிக்கும்.

கடித்துவிட்டால் மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனை. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை நச்சுப்பாம்புகள் கடிக்கின்றன. இறப்பவர்கள் ஏறக்குறைய ஐந்து பேர். விஷமுறிவு மருந்தின் பில்லைப் பார்த்து மயங்கி விழுபவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

குட்டிகள்தான் அதிக ஆபத்து என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. பெரிய பாம்பிடம்தான் நஞ்சு அதிகம். குட்டிகளைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல செய்தி இருக்கிறது. இவை முட்டையிடுவதில்லை, குட்டி போடுகின்றன. பல இனங்களில் தாய், குட்டிகள் முதல் சட்டையை உரிக்கும் வரை ஒன்றிரண்டு வாரம் கூடவே இருக்கிறது. கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பயமுறுத்தப்பட்ட பாம்பின் பக்கத்தில் இன்னொரு பாம்பு இருந்தால் இதயத் துடிப்பு அவ்வளவாக எகிறவில்லை. துணை இருந்தால் தைரியம் என்பது பாம்புக்கும் பொருந்துகிறது. கொலராடோவில் ஒரு பாறைச்சரிவில் நூற்றுக்கணக்கில் கூடி வாழும் இந்தப் பாம்புகளை, எமிலி டெய்லர் என்ற உயிரியலாளரின் குழு 2024 முதல் இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறது.

குளிர்காலத்துக்கு இந்தப் பாம்புகள் ஒதுங்கும் பொந்துகள் தலைமுறை தலைமுறையாக மாறுவதில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வாழும் காட்டுக் கிலுகிலுப்பைப் பாம்பு முதல் முறை குட்டி போடவே ஏழெட்டு வருடங்களோ அதற்கு மேலோ ஆகும். பிறகும் மூன்று நான்கு வருட இடைவெளி. ஒரு தாய் போனால் அந்த இடத்தை நிரப்ப அத்தனை காலம். வீட்டுப் பக்கம் வந்த பாம்பை அடிக்காமல் பிடித்து, பல மைல் தள்ளி விட்டுவருவது கருணைபோலத் தோன்றும். ஆனால் தெரியாத ஊரில் பொந்தும் நிழலும் தேடி அலைந்து இப்படி விடப்பட்ட பாம்புகளில் பல செத்துப்போகின்றன. பயிற்சி பெற்றவரைக் கொண்டு அதன் பழகிய எல்லைக்குள்ளேயே சற்றுத் தள்ளி விட்டுவிட்டு, விறகுக்குவியலை ஒழுங்குபடுத்தி, எலி வராமல் பார்த்துக்கொண்டு, கதவடி இடைவெளியை அடைப்பதுதான் உருப்படியான வேலை.

டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரில் 1958 முதல் நடக்கும் ‘பாம்பு வேட்டை’ விழாவுக்காகப் பொந்துகளில் பெட்ரோல் ஆவியைச் செலுத்திப் பாம்புகளை வெளியேற்றிப் பிடிக்கிறார்கள். அதே பொந்தில் ஒதுங்கியிருக்கும் மற்ற உயிர்களுக்கும் அதே கதிதான். ஜார்ஜியாவின் கிளாக்ஸ்டனிலும் இப்படி ஒரு விழா பல ஆண்டுகள் நடந்தது. 2012இல் அந்த ஊர் காட்டிலிருந்து பாம்பு பிடித்து வருவதை நிறுத்திவிட்டு, அதையே வனவிலங்குத் திருவிழாவாக மாற்றிக்கொண்டது. வளர்ப்பில் உள்ள பாம்புகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டி, விவரம் சொல்கிறார்கள். விழாவின் பெயரில் கிலுகிலுப்பைப் பாம்பு இன்றும் இருக்கிறது.