பாட்டி, பேத்தி, ஒரு தீவு: ‘கோடைப் புத்தக’த்தை ஏழு படிகளில் பயில்வது

பின்லாந்தின் தூவே யான்சன் 1972-இல் ஸ்வீடிஷ் மொழியில் எழுதிய சிறிய நாவல் ‘கோடைப் புத்தகம்’. பின்லாந்து வளைகுடாவில் ஒரு குட்டித் தீவு. அங்கே சோஃபியா என்ற சிறுமி, அவளுடைய பாட்டி, பெரும்பாலும் தன் மேசையில் வேலையாக இருக்கும் அப்பா. ஒரு பிள்ளை வளர்வதைச் சொல்லும் நாவல்களில் நாம் எதிர்பார்க்கும் பெரிய திருப்பம் எதுவும் இதில் கிடையாது. அதனாலேயே, “ஒன்றுமே நடக்கவில்லையே” என்று மூடிவைத்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கும் முதல் வாசிப்பில் இது பிடிபடவில்லை. பிறகு வாசகர் வட்டத்தில் பலரோடு சேர்ந்து படித்தபோது ஒரு வாசிப்பு முறை வசப்பட்டது. இந்த நாவலின் கனமெல்லாம் அது சொல்லாமல் விட்ட இடங்களில் இருக்கிறது. அவற்றைத் தேடிப் போகும் வழி இது.

படி 1: குறிப்பெடுக்காமல் ஒரு சுற்று

மொத்தம் 22 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் தனிக் கதைபோல நிற்கும். நாளுக்கு ஒன்றாகப் படியுங்கள். எல்லாம் ஒரே கோடையில் நடக்கிறதா, பல கோடைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றனவா என்று குழம்பும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயல வேண்டாம். சிறுவயது விடுமுறைகள் நம் நினைவிலும் அப்படித்தானே கலந்து கிடக்கின்றன?

படி 2: அந்த ஒரு வாக்கியம்

இரண்டாம் சுற்றில் ‘நிலவொளி’ என்ற இரண்டாவது அத்தியாயத்தில் நிறுத்துங்கள். ஏப்ரல் மாதம், முழுநிலவு. நள்ளிரவில் கண்விழிக்கும் சோஃபியாவுக்கு, இப்போது தனக்கென்று தனிப் படுக்கை இருக்கிறது, காரணம் அம்மா இறந்துவிட்டாள் என்பது நினைவுக்கு வருகிறது. போகிற போக்கில் வந்து போகும் வாக்கியம். அம்மாவின் சாவை நாவல் இப்படி நேராகச் சொல்வது இங்கே மட்டும்தான். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சோஃபியா ஏன் இவ்வளவு கோபப்படுகிறாள், ஏன் அற்பக் காரியத்துக்கெல்லாம் அலறுகிறாள் என்று கேள்வி எழும்போதெல்லாம் அந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

படி 3: தீவை வரைதல்

ஒரு தாளில் வீடு, பாறை, சதுப்பு, பட்டுப்போன மரங்கள் நிற்கும் காடு, படகுத்துறை ஆகியவற்றைக் குறியுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. இந்தத் தீவில் பாசியை மிதிக்கக் கூடாது. ஒருமுறை மிதித்தால் மழைக்கு நிமிர்ந்துவிடும், மறுமுறை நிமிராது, மூன்றாம் முறை செத்துவிடும். எங்கே கால் வைப்பது என்று தெரிந்தவர்களே இங்கே வாழ முடியும் என்பது வரைந்து பார்க்கும்போதுதான் உறைக்கும். அம்மாவின் சாவை நெருங்கும் பேச்சிலும் பாட்டி இதே கவனத்தோடுதான் கால் வைக்கிறாள்.

படி 4: இரண்டு பத்திக் குறிப்பேடு

இதுவே முக்கியமான வேலை. இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் சோஃபியாவின் பயத்தையோ கோபத்தையோ எழுதுங்கள். வலப்பக்கம் பாட்டி என்ன *செய்கிறாள்* என்று எழுதுங்கள்.

‘வெனிஸ் விளையாட்டு’ அத்தியாயத்தில், நீரில் அமிழும் நகரத்தின் படத்தை அஞ்சலட்டையில் பார்த்துவிட்டு இருவரும் சதுப்பில் ஒரு வெனிஸ் கட்டுகிறார்கள். இரவு மழை அதை அடித்துப் போகிறது. மாளிகை போய்விட்டதே என்று சோஃபியா தவிக்கிறாள். மாளிகை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாட்டி இரவோடிரவாகப் புதிதாக ஒன்றைச் செய்கிறாள்.

‘சோஃபியாவின் புயல்’ அத்தியாயத்தில் சலிப்பில், ஏதாவது நடக்கட்டும் என்று சிறுமி கடவுளை வேண்டுகிறாள். பெரும்புயல் வருகிறது. எல்லாம் தன்னால்தான் என்று துடிக்கிறாள். புயல் கேட்டு முதலில் வேண்டியது நான்தான் என்று பழியைப் பாட்டி தன்மேல் போட்டுக்கொள்கிறாள்.

இன்னோர் அத்தியாயத்தில் மண்வெட்டி பட்டு ஒரு மண்புழு துண்டாகிவிட, சின்ன உயிர்களைக் கண்டாலே சோஃபியா மிரள்கிறாள். துண்டானவற்றைப் பற்றி அவள் ஒரு நூலே சொல்லச் சொல்ல, பாட்டி உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறாள்.

வலப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படியுங்கள். “அழாதே கண்ணு” என்ற ரகத் தேறுதல் அதில் எவ்வளவு குறைவு என்று தெரியும். கட்டுகிறாள், பழி ஏற்கிறாள், எழுதுகிறாள். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தன் இரண்டு கைகளையும் நேரத்தையும் கொடுக்கிறாள்.

படி 5: பாட்டிக்குத் தனிப் பக்கம்

இந்தச் சுற்றில் சோஃபியாவை விட்டுவிட்டுப் பாட்டியை மட்டும் பின்தொடருங்கள். தலைசுற்றல், மாத்திரை, கைத்தடி, சிகரெட், எரிச்சல் எல்லாவற்றையும் குறியுங்கள். ‘கூடாரம்’ அத்தியாயத்தில் பாட்டி ஒரு காலத்தில் சாரணர் இயக்கத்தில் இருந்தவள் என்று தெரிகிறது. கூடாரத்தில் தூங்குவது எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்கே நினைவில்லை. முதன்முதலாகத் தனியே கூடாரத்தில் படுத்த சோஃபியா அதைச் சொல்லித்தருகிறாள். இதுவரை பேத்திக்குப் பாட்டி கொடுத்தாள். இங்கே பேத்தி பாட்டிக்குக் கொடுக்கிறாள். சோஃபியா வளர்ந்துவிட்டாள் என்பதற்கு நாவலில் இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 6: ஆசிரியரின் வாழ்க்கை, இப்போதுதான்

யான்சனின் தாயார், ஓவியர் சிக்னே ஹமர்ஸ்டன், 1970-இல் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் இந்த நாவல் வெளிவந்தது. பாட்டிக்கு அந்தத் தாயாரும், சிறுமிக்குத் தம்பி லார்ஸின் மகள் சோஃபியாவும் முன்மாதிரி. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாத்திரங்களில் நிஜ மனிதர்களைத் தேடத் தொடங்கிவிடுவோம். குறிப்பேடு நிரம்பிய பிறகு தெரிந்துகொண்டால் வேறொன்று புரியும்: தாயை இழந்த ஒரு மகள், தன் தாயை மீண்டும் உயிரோடு தீவில் நடக்கவிட்டு, தாயில்லாத ஒரு பிள்ளையை அவள் கையில் ஒப்படைத்திருக்கிறாள்.

படி 7: முடிவிலிருந்து தொடக்கத்துக்கு

‘ஆகஸ்டில்’ என்ற கடைசி அத்தியாயத்தையும் முதல் அத்தியாயத்தையும் ஒரே அமர்வில், இந்த வரிசையிலேயே வாய்விட்டுப் படியுங்கள். கடைசியில் பாட்டி இருட்டில் தனியே வெளியே உட்கார்ந்திருக்கிறாள். தொலைவில் ஒரு படகின் இயந்திர ஒலி கேட்கிறது. பிறகுதான் அது தன் இதயத்தின் துடிப்பு என்று உணர்கிறாள். உடனே முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள். பூச்செடிகளுக்கு நடுவே விழுந்த பல்செட்டைத் தேடிக்கொண்டிருக்கும் பாட்டியிடம், எப்போது சாகப் போகிறாய் என்று பேத்தி கேட்கிறாள். சீக்கிரமே, ஆனால் அது உன் கவலை இல்லை என்ற பொருளில் பதில் வருகிறது.

முதல் சுற்றில் அது வெறும் குழந்தைத்தனமான கேள்வியாகத் தோன்றியிருக்கும். இப்போது, அம்மாவை இழந்த பிள்ளை அடுத்து யாரை இழக்கப்போகிறோம் என்று கேட்பது காதில் விழும். அந்தக் கவலையைப் பிள்ளையின் தோளில் ஏற்றாமல் ஒரு கோடை முழுக்கப் பாட்டி தானே சுமந்தாள். இருட்டில் அந்த ஒலியைக் கேட்டபோதும் அவள் யாரையும் எழுப்பவில்லை.