டூரெட்டின் ஒன்பது பேர்

டாம்பியேர் சீமாட்டிக்கு ஏழு வயதில் கை தானாக வெட்டி இழுக்கத் தொடங்கியது. பிறகு தோளும் முகமும். கடைசியில், பேச்சின் நடுவே கத்தலும் வசைச்சொல்லும். 1825இல் இதை எழுதிவைத்தவர் பாரிஸ் மருத்துவர் இட்டார். அறுபது ஆண்டு கழித்து, 1885இல், மருத்துவர் ஜில் த லா டூரெட் சீமாட்டியையும் சேர்த்து இப்படிப்பட்ட ஒன்பது பேரின் கதையை வெளியிட்டார். இந்த நோயில் அறிவு மங்காது, இது பரம்பரையாக வரும், வாழ்நாள் முழுக்க நீடிக்கும் என்பது அவர் முடிவு.

அவர் பெயராலேயே டூரெட் என்று அழைக்கப்படும் இது அன்று அபூர்வ நோய். இன்று நூறு பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலும் கண் சிமிட்டல், மூக்குறிஞ்சல், தொண்டைச் செருமல் போன்ற, தானாக வரும் ‘டிக்’தான். சினிமா விரும்பிக் காட்டும் வசைச்சொல் பத்துப் பேரில் ஓரிருவரிடமே உண்டு. நான்கு முதல் ஆறு வயதில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டில் உச்சம் தொட்டு, பலருக்கு வாலிபத்தில் தணிகிறது. வாழ்நாள் நோய் என்றதில் டூரெட் தவறினார். பரம்பரை என்றதில் இல்லை.

அந்தச் சரியான பாதிதான் நடுவில் தொலைந்தது. மனப்பகுப்பாய்வு ஓங்கிய காலத்தில் டிக் என்பது அடக்கிய ஆசையின் வெளிப்பாடானது. பழி வளர்ப்பின் மேல் விழுந்தது. 1960களில் ஹாலோபெரிடால் மாத்திரை பலன் தந்தபோதுதான் பார்வை மூளைக்குத் திரும்பியது. 1985இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வில், ஒத்த இரட்டையரில் 53 சதவீத ஜோடிகளில் இருவருக்கும் டூரெட் இருந்தது. மற்ற இரட்டையரில் 8 சதவீதம்தான். ஒரே மரபணு சிக்கிவிடும் என்று அன்று நம்பினார்கள். 2010இல் ஒரு தந்தையிடமும் அவரது எட்டுப் பிள்ளைகளிடமும் ஒரே மரபணுப் பிழை சிக்கியது. அது அந்த ஒரு குடும்பத்தின் விடை மட்டுமே. மற்றவர்களுக்குப் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. மகனுக்குக் கண் சிமிட்டல், தாய்க்குப் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் கட்டாயம்: இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவையாக இருக்கலாம்.

சிகிச்சையும் மென்மையாகியிருக்கிறது. மந்தமும் உடல் இறுக்கமும் தரக்கூடிய மாத்திரைக்கு முன்பாக இன்று பயிற்சி. டிக் வருமுன் எழும் உறுத்தலைப் பிள்ளை கண்டுகொண்டு, அதோடு சேர்ந்து நிகழ முடியாத வேறோர் அசைவைச் செய்யப் பழகுகிறது. 126 சிறாரிடம் நடந்த சோதனையில், இதைப் பழகியவர்களில் பாதிக்கு மேல் தேறினார்கள்.

1989 முதல் டிக்கின் கடுமைக்கு ஐம்பதுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் உண்டு. அதனால்தான் ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. ஆனால் சீமாட்டி எந்தச் சொல்லைக் கத்தினார், கேட்டவர்கள் முன் எப்படிக் கூசினார் என்பதையெல்லாம் பழைய மருத்துவர்கள் எழுதினார்கள். மதிப்பெண் தாளில் அதற்கு இடமில்லை.