கண்ணி வெடியில் கால் போன யானைக்குட்டி
குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை

மும்பை மின்சார ரெயில்களில் மாற்றுத் திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. தாதரிலோ சயானிலோ வண்டி வந்து நிற்கிறது. ஊன்றுகோலுடன் ஒருவர் அதில் ஏறுகிறார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் 4 வயதுப் பிள்ளை உரக்கக் கேட்கிறது: "அந்த மாமாவுக்கு ஏம்மா ஒரு கால் இல்லே?"

அம்மா என்ன செய்கிறாள்? "உஷ்! அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள். பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான். கால் இல்லாதது ஏதோ வெட்கப்பட வேண்டிய சமாச்சாரம் என்று!

அந்த அம்மா வீட்டுக்குப் போனதும் ஒரு கதை சொல்லலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மிருகங்களை வைத்துச் சொன்னால் சீக்கிரம் புரியும். பயமும் வராது. அதற்காகக் கதை கட்டக்கூட வேண்டாம். நிஜமாக நடந்ததே இருக்கிறது.

7 மாதக் குட்டி

தாய்லாந்து-மியான்மர் எல்லைப் பகுதியில் 2006-ம் ஆண்டு மோஷா என்ற பெண் யானைக்குட்டி கண்ணி வெடியை மிதித்துவிட்டது. அப்போது அதற்கு வயது 7 மாதம். முன்னங்கால் ஒன்று போய்விட்டது. லாம்பாங் என்ற ஊரில் யானைகளுக்கென்றே இருக்கும் ஆஸ்பத்திரியில் அதைச் சேர்த்தார்கள்.

நாய், பூனை என்றால் மூன்று காலில் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். யானையால் முடியாது. அதன் கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மற்ற கால்களும் முதுகெலும்பும் கெட்டுவிடும். அப்போது உதவிக்கு வந்தவர் டாக்டர் தேர்ட்சாய் ஜீவகேத். ஏழை மனிதர்களுக்கு இலவசமாகச் செயற்கைக் கால் செய்து கொடுத்தவர். 2008-ல் மகசாசே விருது பெற்றவர். (நம் ஜெய்ப்பூர் காலுக்காக டாக்டர் பி.கே.சேத்திக்கு 1981-ல் கிடைத்ததும் இதே விருதுதான்.) அவர் யானைக்குட்டிக்கும் ஒரு கால் செய்து மாட்டினார்.

ஒரு காலோடு வேலை முடியவில்லை. குட்டி வளர வளரப் பழைய கால் பற்றாமல் போயிற்று. புதிது செய்தார்கள். அதுவும் பற்றவில்லை. மறுபடியும் செய்தார்கள். 10 வயதாகும்போது மோஷாவின் எடை 2 ஆயிரம் கிலோவைத் தாண்டிவிட்டது!

அதே ஆஸ்பத்திரியில் மோத்தாலா என்ற பெரிய யானையும் இருந்தது. 1999-ல் கண்ணி வெடியில் கால் இழந்த அதற்கு, 10 ஆண்டு கழித்து 2009-ல்தான் நிரந்தரமான செயற்கைக் கால் கிடைத்தது.

"செருப்பு சின்னதாயிட்டா புதுசு வாங்குற மாதிரியா?" என்று பிள்ளை கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடலாம். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

சம்பாதியின் சிறகு

நம் பழைய கதைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ராமாயணத்துக் கழுகு சம்பாதி ஒருவர். தம்பி ஜடாயுவைச் சூரியனின் வெப்பத்திலிருந்து காப்பாற்றப் போய்த் தன் சிறகுகளைக் கருகக் கொடுத்தவர். கையும் காலும் திடமாக உள்ள வானர வீரர்கள் சீதையைக் காணாமல் கடற்கரையில் சோர்ந்து உட்கார்ந்தபோது, இலங்கையில் அவள் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொன்னது சிறகில்லாத இந்தக் கிழக் கழுகுதான்.

பிறகு அவருக்குச் சிறகு முளைத்ததாகக் கதை முடிகிறது. இங்கேதான் சொல்பவர் கவனமாக இருக்க வேண்டும். "நல்லது செய்தார், சிறகு முளைத்தது" என்று அழுத்திச் சொன்னால், பக்கத்து வீட்டில் போலியோ வந்த பிள்ளை என்ன நினைக்கும்? தனக்கு ஏன் கால் சரியாகவில்லை, தான் கெட்ட பிள்ளையா என்றுதானே! சிறகு இல்லாதபோது அவர் செய்த வேலையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இதோபதேசத்தில் ஒரு குருட்டுக் கழுகு வருகிறது. மரத்திலுள்ள பறவைகள் தங்கள் இரையில் கொஞ்சம் கொடுக்கும். கழுகு அவற்றின் குஞ்சுகளைக் காவல் காக்கும். ஒரு பூனை நைசாகப் பேசி இடம் பிடித்துக் குஞ்சுகளைத் தின்றுவிட்டு எலும்பைக் கழுகின் பொந்தில் போட்டுவிட்டு ஓடிவிடுகிறது. பறவைகள் கழுகைக் கொன்றுவிடுகின்றன. முன்பின் தெரியாதவனுக்கு இடம் கொடுக்காதே என்று இதற்கு நீதி சொல்வது வழக்கம். ஆனால் பிள்ளைகளுக்குப் பாவமாகத் தெரிவது கழுகுதான். யாரும் அதை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே! அதைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச விட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள்.

லங்டா, நொண்டி

கதை சொன்னால் மட்டும் போதாது. வீட்டுப் பாடம் எழுதாத பையனை "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு" என்று திட்டுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். தெருவில் விளையாடும் பிள்ளைகள் தமிழில் நொண்டி என்றும் இந்தியில் லங்டா என்றும் கூப்பிடப் பழகுவது பெரியவர்களைப் பார்த்துத்தான். மோஷாவின் கதையைக் கேட்ட பிள்ளையே நாளைக்கு அப்பாவைத் திருத்தினால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காலில் குறையுள்ள பிள்ளை சொந்த வீட்டிலேயே இருந்தால், மகாலட்சுமி ரெயில் நிலையத்தில் இறங்கி ஹாஜி அலிக்குப் போகலாம். 1955-ல் தொடங்கிய மத்திய அரசின் உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் அங்கே இருக்கிறது. செயற்கைக் கால் பொருத்தும் வசதியும் உண்டு. மாட்டியாயிற்று என்று வருடக்கணக்கில் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடக் கூடாது. யானைக்குட்டிக்குப் போலவே வளரும் பிள்ளைக்கும் காலின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதியில் பழைய காலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.