10 குழு, ஒரு சிவப்பு விளக்கு

ஜப்பானில் 1989 பிப்ரவரியில் ஒரு டி.வி. நிகழ்ச்சி தொடங்கியது. முழுப்பெயர் நீளமானது. ஊரார் அதை 'இகாதென்' என்று சுருக்கிக்கொண்டார்கள். டி.பி.எஸ். சேனலில், சனிக்கிழமை ராத்திரி 12 மணி தாண்டிய பிறகுதான் வரும். பேரரசர் ஹிரோஹிதோ ஜனவரி 7 அன்று மறைந்து, 'ஹெய்செய்' என்ற புதிய ஆண்டுக்கணக்கு பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர் அடங்கிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். இளவட்டங்கள் கண்விழித்துப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். கவாசாகியில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருந்தேன். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டி.வி. இருந்தது. என் ஜப்பானிய மொழி வணக்கம், நன்றி, 'காரம் இருக்கிறதா' என்ற அளவோடு சரி. ஆனால் டிரம்ஸ் தெரியும். திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் கற்றுக்கொண்டு, கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் திருவிழா என்று ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துத் திரிந்தவன் நான். பாட்டின் வரிகள் புரியாததால் கண் தானாகவே வாசிப்பவர்களின் கைக்குப் போயிற்று. அந்த நிகழ்ச்சியைப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது என்று இப்போதும் சொல்வேன்.

விதி எளிது. வாரத்துக்கு 10 குழுக்கள். எல்லாம் கல்லூரிப் பசங்கள், பகுதிநேர வேலைக்காரர்கள், கடையில் நின்றுவிட்டு வந்தவர்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. ஒவ்வொரு நடுவரிடமும் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். 'போதும், இதற்கு மேல் தாங்காது' என்று தோன்றினால் அதை எரியவிடலாம். விளக்குகள் எரிய எரியத் திரையில் குழுவின் படம் சுருங்கும். கடைசியில் பாட்டு முடியும் முன்பே கதை முடிந்துவிடும். முழுப் பாட்டையும் வாசித்து முடிப்பதே பெரிய கௌரவம். அன்றைய 10 பேரில் சிறந்த குழு, போன வாரத்து 'ராஜா'வோடு மோதும். தொடர்ந்து 5 வாரம் ஜெயித்தால் 'மகாராஜா' பட்டம்.

தொகுப்பாளர் மியாகே யூஜி ஒரு நகைச்சுவை நடிகர், நாடகக் குழு நடத்துபவர். தோற்றவனையும் சிரிக்கவைத்து அனுப்புவார். நடுவர்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாடகர்களாகப் பொறுக்கிப் போடவில்லை. யோஷிதா கென் பேஸ் கிட்டார் கலைஞர். அவர் நாக்குக்குப் போட்டியாளர்கள் நடுங்கினார்கள். இதோ கின்ஜி கிட்டார்காரர், ஒலிப்பதிவில் ஊறியவர். டிரம்ஸில் 'பொன்தா' என்ற முராகாமி ஷூயிச்சி. ஜப்பானில் எத்தனையோ பெரிய பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர், 2021-ல் காலமானார். இவர்களோடு ஹகிவாரா கெந்தா என்ற இசை விமர்சகர். பின்வரிசையில் இருந்து வந்தவர்கள் இத்தனை பேர் தீர்ப்புச் சொன்னால், கேள்வியே மாறிவிடுகிறது. குரல் நன்றாக இருக்கிறதா என்பது பிறகு. நாலு பேரும் ஒருவரை ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்பதுதான் முதலில்.

ஒரு குழுவை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பாடுகிறவரை விட்டுவிடுங்கள். பேஸ் கிட்டார்காரர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். டிரம்ஸ்காரரின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் குழு தேறும். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தால், சரணத்துக்குப் போகும்போது வேகம் ஓடிவிடும். புதுக் குழுக்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். பல்லவியில் அடக்கமாக இருப்பார்கள். கேமரா பக்கத்தில் வந்ததும் டிரம்ஸ்காரர் ஒரு ரோல் போடுவார். அது முடிந்து திரும்பும் இடத்தில் மற்ற மூவரும் மூன்று இடத்தில் நிற்பார்கள். வீட்டில் பார்ப்பவருக்கு ஏதோ இடறியது என்று மட்டும் தெரியும். விளக்கு எரியும்.

அந்த மேடையில் 1989 நவம்பரில் 'தாமா' என்ற நால்வர் வந்தார்கள். ராக் குழு என்றால் தோல் ஜாக்கெட், விரித்த தலைமுடி என்று இருந்த காலம். இதில் தாள வாத்தியக்காரர் இஷிகாவா கோஜி, ஒட்ட வெட்டிய தலையும் கைவைக்காத பனியனுமாக நின்றார். அவரிடம் முழு டிரம்ஸ் செட்கூட இல்லை. இன்னொருவரிடம் அக்கார்டியன். குழந்தைப் பாட்டா, ஒப்பாரியா, கூத்தா என்று பிரிக்கமுடியாத ஓசை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியர் தொழிலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பனியன்காரர் ஒரு அடிகூட வீணாக அடிக்கவில்லை. பாட்டு மூச்சு விடும் இடத்தில் கையை எடுத்துக்கொண்டார். எந்த டிரம்ஸ்காரருக்கும் கடைசியாக வரும் வித்தை அது.

வாராவாரம் ஜெயித்தார்கள். ஐந்தாவது வாரம் 'மார்கோசியாஸ் வாம்ப்' என்ற கிளாம் ராக் குழு எதிரே நின்றது. மினுமினுக்கும் உடை, முகத்தில் சாயம், வாசிப்பிலும் குறை சொல்ல இடமில்லை. நடுவர்கள் கிட்டத்தட்ட இரண்டு பாதியாகப் பிரிந்து, மயிரிழையில் தாமாவுக்குக் கொடுத்தார்கள். தாமா மகாராஜாவாகி வெளியேற, தோற்ற குழு காலியான நாற்காலியில் உட்கார்ந்து, தானும் 5 வாரம் தாண்டியது. 1990 மே மாதம் தாமா வெளியிட்ட 'சயோனாரா ஜின்ருயி' விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த வருஷம் டிசம்பர் 31 இரவு, நாடே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் என்.எச்.கே. பாட்டு நிகழ்ச்சியிலும் அந்தப் பனியன் நின்றது.

மகாராஜாக்களில் இன்னொரு குழு 'பிகின்'. ஒகினாவாவின் இஷிகாகி தீவில் ஒன்றாக வளர்ந்த மூன்று நண்பர்கள். கூச்சல் போட்ட குழுக்களுக்கு நடுவே நிதானமாக ப்ளூஸ் வாசித்தார்கள். பிறகு தீவின் மூன்று நரம்பு வாத்தியமான சன்ஷினைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் மெட்டமைத்து மோரியாமா ர்யோகோ எழுதிய 'நாதா சோசோ' பாடலை, அதே இஷிகாகியைச் சேர்ந்த நாத்சுகாவா ரிமி 2001-ல் பாடி நாடெங்கும் கொண்டுபோனார். 'ப்ளாங்கி ஜெட் சிட்டி' என்ற மூவர் குழுவும் இங்கிருந்து போனதுதான்; ஜப்பானிய ராக் பிரியர்கள் இன்றும் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்வார்கள்.

நடுவர்கள் கண்ணில் படாமல் போனவர்களும் உண்டு. ஹகோதாதேயிலிருந்து வந்த 'கிளே' குழு அங்கே வாசித்தது, ராஜாவாகவில்லை. அதே கிளே 1999-ல் மகுஹாரியில் ஒரே கச்சேரிக்கு 2 லட்சம் பேரைக் கூட்டியது. ஒரு பாட்டை வைத்துக் குழுவை எடைபோட்டால் இப்படியும் நடக்கும்.

நிகழ்ச்சி 1990 டிசம்பரில் நின்றுவிட்டது. இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை. வாரம் 10 குழு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் அத்தனை நல்ல குழுக்கள் இருக்கும்? தாமா ஜெயித்ததைப் பார்த்து, வேண்டுமென்றே கோமாளி வேஷம் கட்டி வந்தவர்களும் பெருகினார்கள். வேஷம் வந்தது, அந்தத் தாளம் வரவில்லை. சரியான நேரத்தில் நிறுத்தினார்கள் என்பது என் கருத்து.

நம் டி.வி.க்களிலும் இசைப் போட்டிக்குக் குறைவில்லை. பிள்ளைகள் அற்புதமாகப் பாடுகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் போட்டி பாடகர்களுக்கு மட்டும்தான். மேடை ஓரத்தில் கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், கிட்டார் என்று உட்கார்ந்து, எந்த ஸ்ருதியில் யார் வந்து நின்றாலும் வாசித்துக்கொடுப்பவர்கள் நிகழ்ச்சியின் தூண்கள். கேமரா அவர்கள் பக்கம் திரும்புவது பாட்டின் இடையிசை வரும்போது, அதுவும் இரண்டு விநாடி. பாடுவதும் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. 'அப்படியே அச்சு அசல்' என்பதுதான் நமக்குத் தெரிந்த பெரிய பாராட்டு. ஆர்கெஸ்ட்ராக்காரனான நானே அந்தப் பாராட்டுக்காக ஏங்கியவன்தான். இகாதென்னிலோ, சொந்தப் பாட்டு இல்லாமல் வந்து பேர் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. கல்லூரி விழாக்களில் குழுப் போட்டி நடக்கிறது. சென்னையில் தமிழிலேயே எழுதிப் பாடும் குழுக்கள் இருக்கின்றன. இல்லாதது, அவர்கள் நாலு பேரையும் சேர்த்து நிற்கவைத்து, ஒரு பேஸ் கிட்டார்காரரையும் ஒரு டிரம்ஸ்காரரையும் நடுவராக உட்காரவைக்கும் சேனல்தான். சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்று ஒரே ஒரு விதி போட்டால் போதும். நேரம் நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவரை, அடுத்த முறை உங்கள் ஊர்த் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ரா நடந்தால், கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் போய், 'நீங்களே போட்ட பாட்டு ஏதாவது இருக்கா தம்பி?' என்று கேளுங்கள்.