வீடு ஜூஜூவாடி, வேலை அத்திப்பள்ளி

ஓசூர் ஜூஜூவாடியில் லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கோ பொம்மசந்திராவுக்கோ ஷிப்ட் போய் வருபவர்கள் ஏராளம். மாநில எல்லையைத் தினமும் இரண்டு முறை தாண்டுவது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் போனை அணைத்துவிட்டுப் போகிற அன்றைக்குத்தான் அந்த எல்லை உறுத்தும். பீகாரிலிருந்து வந்த ஒரு தொழிலாளி ஓசூர் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால், "கம்பெனி கர்நாடகாவில் இருக்கிறது, அங்கே போ" என்பார்கள். அங்கே போனால், "நீ இருப்பது தமிழ்நாட்டில்தானே" என்பார்கள். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு இப்படி அலைந்தவர் மூன்றாவது நாள் புகாரையே மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். கான்ட்ராக்டரும் இதை நம்பித்தான் போனை அணைக்கிறார்.

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதும் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. வேலைக்கு வந்தவர்களின் பின்னால் மனைவியும் குழந்தைகளும் வருகிறார்கள். இந்தக் குடும்பங்களுக்குச் சட்டம் நிறையவே எழுதி வைத்திருக்கிறது. கூட ஒரு மணி நேரம் வந்து, கவுன்ட்டரில் தமிழில் நான்கு வார்த்தை பேச ஆள் இல்லை என்பதுதான் அவர்களுடைய குறை. பக்கத்து வீட்டுக்காரரால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். பழைய துணியும் தீபாவளிப் பலகாரமும் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் உரிமையான அரிசி ரேஷன் கடையில் கிடக்கும்போது அந்தக் குடும்பம் கடன் வாங்கி அரிசி வாங்குகிறது என்றால், நாம் கொடுக்கும் பலகாரம் எந்த மூலைக்கு?

முதலில் அந்த எல்லைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சம்பளம், கட்டுமான நல வாரியப் பதிவு ஆகியவற்றுக்கு வேலை செய்யும் மாநிலத்தில்தான் முறையிட வேண்டும். அத்திப்பள்ளி கம்பெனி மீதான சம்பளப் புகார் கர்நாடகத் தொழிலாளர் துறைக்குத்தான் போகும். ஓசூரில் காத்திருப்பது வீண். ரேஷன், அங்கன்வாடி, பள்ளி, தடுப்பூசி எல்லாம் குடியிருக்கும் இடத்தில் கிடைக்கும்; கம்பெனி எங்கே இருந்தாலும் கவலையில்லை. ஈஎஸ்ஐயும் பிஎஃபும் மத்தியச் சட்டத்தில் வருபவை, அவற்றுக்கு ஜூஜூவாடி சோதனைச்சாவடி ஒரு பொருட்டே இல்லை. கர்நாடகக் கம்பெனியில் ஈஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படுபவர், தன் மருந்தகத்தை ஓசூருக்கு மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு இங்கேயே வைத்தியம் பார்க்கலாம். குற்றச் சம்பவம் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்தக் காவல் நிலையமும் "இது எங்கள் எல்லையில் இல்லை" என்று புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கிப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ரேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அதை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பீகாரிலோ ஜார்க்கண்டிலோ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை வைத்திருப்பவர், நம் தெருமுனை ரேஷன் கடையில் அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லிக் கைரேகை வைத்தால் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம். இங்குள்ள குடும்பத்துக்கு ஒரு பங்கை இங்கே வாங்கிக்கொண்டு, மீதியை ஊரில் இருக்கும் பெற்றோர் அங்கே வாங்கும்படி விடலாம். பலருக்கும் தெரியாத வசதி இது. "நான் இங்கே வாங்கினால் அங்கே அம்மாவுக்கு நின்றுவிடும்" என்ற பயத்திலேயே பல குடும்பங்கள் கடைப்பக்கம் வருவதில்லை.

சிக்கல்களும் உண்டு. ஆதார் இணைக்காத அட்டை இங்கே வேலை செய்யாது. அந்தந்த மாநில அரசு தன் செலவில் தரும் அட்டைகளுக்கு இந்த வசதி கிடையாது. நம் கடையில் கிடைக்கும் துவரம் பருப்பும் பாமாயிலும் தமிழ்நாடு அரசு தன் அட்டைதாரர்களுக்குத் தருபவை. அவற்றை வெளிமாநில அட்டைக்குக் கேட்டு விற்பனையாளரோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் அரிசிக்கே "வெளிமாநில அட்டைக்கு ஸ்டாக் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அது தவறு. 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம், அல்லது வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் புகாரை உள்ளூர்க்காரர் தமிழில் எழுதினால் அதற்கு மரியாதையே வேறு. இப்படி இருக்கக் கூடாதுதான், ஆனால் இருக்கிறது.

பள்ளி விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள எந்தக் குழந்தையையும், மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்று இல்லை, வருடப் பாதியில் வந்துவிட்டது என்ற காரணங்களுக்காகச் சேர்க்க மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். பத்து வயதுப் பையனுக்குத் தமிழ் தெரியவில்லை என்று ஒன்றாம் வகுப்பில் தள்ளக் கூடாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கேட்கிற ஊர் ஓசூர், இங்கே வகுப்பில் பல மொழிப் பிள்ளைகள் உட்காருவது ஆசிரியர்களுக்குப் புதிதும் இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு, அதன்பின் மதிய உணவு என்று இரண்டு வேளை சாப்பாடு நிச்சயம் என்பதைப் பெற்றோரிடம் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும். பள்ளி வயது வராத குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் இடமுண்டு. அங்கே சொந்த மாவட்டம் கேட்பதில்லை.

கர்ப்பிணிகளின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2017 ஆகஸ்ட் முதல், குழந்தையின் பிறப்புச் சான்றுக்குத் தாயின் பேறுகாலப் பதிவு எண் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறைகூடப் போகாமல், வலி வந்த பிறகு ஓடும் பெண்ணுக்கு இந்த எண் இருக்காது. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை அடிப்படை ஆவணம் பிறப்புச் சான்றுதான். பக்கத்து அறையில் ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்தால், அந்தப் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புறச் செவிலியரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். எண் கொடுப்பது அவர்கள் வேலை. பிரசவத்துக்குச் சொந்த ஊர் போகும் பெண்ணானால், தாய் சேய் நல அட்டையைப் பெட்டியில் முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

விபத்து நடந்த இடத்தில் கூடி நிற்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரையிலான தேசிய நெடுஞ்சாலையில் அடிபடும் பாதசாரிகளில் புதிதாக வந்த தொழிலாளிகளும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, நிர்ணயித்த வரம்புக்குள், இலவசம். "இவருக்கு இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறதா" என்று பையைத் துழாவிக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

வேலைக்கு வருவோம். 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தின் இடத்துக்கு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்திருக்கின்றன. தொழிற்சங்கங்களுக்கு அவற்றின் மீது கடுமையான விமர்சனங்கள் உண்டு. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இன்று கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும். பணி நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளில் தீர்க்கப்பட வேண்டும். சம்பளக் கோரிக்கையை மூன்று ஆண்டுகள் வரை எழுப்பலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கான்ட்ராக்டர் ஓடிவிட்டால் சம்பளத்துக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு. இது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்த விதிதான். ஆகவே தேட வேண்டியது கான்ட்ராக்டரின் புதிய போன் நம்பரை அல்ல, கம்பெனியின் பெயரையும் அங்கே வேலை செய்ததற்கான ஆதாரத்தையும். கேட் பாஸ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், ஷிப்ட் குறித்த வாட்ஸ்அப் செய்தி என்று எதுவும் ஆதாரம்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே இவற்றைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வகை செய்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், நேரிலும் கிருஷ்ணகிரி, ஓசூர் நீதிமன்ற வளாகங்களுக்குப் போகலாம்.

கல்குவாரி, செங்கல் சூளை, தோட்டம் போன்ற இடங்களில் வேறொரு ஆபத்து இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அது தீரும்வரை குடும்பத்தை வெளியே விடாமல் வைப்பது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அதைத் திருப்பி வாங்குவதும் குற்றம். சந்தேகம் வந்தால் முதலாளியிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். அன்று இரவே குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். நேராக ஓசூர் சார் ஆட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தகவல் கொடுங்கள். குழந்தைகள் வேலை செய்கிறார்கள் என்றால் 1098.

பெண் தொழிலாளர் விடுதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில், ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் தங்கிய விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டு, ஏராளமான பெண்கள் இரவில் திரண்டு போராடினார்கள். அதற்குப் பிறகுதான் பல ஊர்க்காரர்களுக்கு அத்தனை பெண்கள் அங்கே இருப்பதே தெரிந்தது. பாலியல் தொந்தரவு என்றால் நிறுவனத்தின் உள்ளகக் குழுவில் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அப்படிக் குழுவே இல்லாத சிறு நிறுவனமானால் மாவட்ட உள்ளூர்க் குழு இருக்கிறது. அவசரத்துக்கு 181.

வீட்டு உரிமையாளர்களுக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. வாடகைக்கு வருபவரின் ஆதார் நகலை வாங்கிக் காவல் நிலையத்தில் கொடுப்பது சரியான காரியம். அசல் ஆதாரையும் ஏடிஎம் கார்டையும் பிடித்து வைத்துக்கொள்வது சரியல்ல. ஒப்பந்தம் எழுதித் தரத் தயங்குகிறவர்கள், அந்த ஒரு தாள் இல்லாததால் முகவரிச் சான்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் குடும்பம் படும் பாட்டை யோசிக்க வேண்டும். முகவரிச் சான்று கிடைக்கும்வரை, ஏதாவது ஓர் அடையாள அட்டையைக் காட்டினாலே கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரைச் சொல்லிக் கொடுங்கள். பெட்டிக்கடையில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் சிலிண்டர் பத்துக்குப் பத்து அறையில் வெடித்தால் உங்கள் வீடும் சேர்ந்துதான் போகும்.

புரளியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2018 மேயில் குழந்தைக் கடத்தல் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் வயதான பெண் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சொந்த மாநிலத்துப் பெண்மணி அவர். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, ரயில் நிலையங்களில் கூட்டம் கூடியது. பீகார் அரசின் குழு வந்து பார்த்து, அது பொய் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை உண்டு. தெரு வாட்ஸ்அப் குழுவின் அட்மின் அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் ஓசூர்க்காரர்களுக்கு நான் உபதேசம் செய்யத் தேவையில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்துக்குப் பயந்து பெங்களூரிலிருந்து தமிழர்கள் ஓடி வந்தது இந்த எல்லை வழியாகத்தான். 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் நின்றபோது மூட்டை முடிச்சோடு அத்திப்பள்ளியிலிருந்து நடந்து வந்தவர்களும் நம் மக்களே. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளி பட்டாசுக் கடையில் கருகியவர்களில் பெரும்பாலோர் தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர்கள். தீபாவளிச் சமயத்தில் நாலு காசு பார்க்கலாம் என்று எல்லை தாண்டிப் போனவர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சூளகிரி, கெலமங்கலம் பக்கத்து ஊராட்சிகளில் புதிதாக முளைத்த லைன் வீடுகளுக்கு அங்கன்வாடி, குடிநீர், கழிவறை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடலாம். வெளிமாநிலக் குடும்பங்களின் பெயர் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. சபையில் அவர்கள் கை உயர்த்த முடியாது. உங்கள் பெயர் இருக்கிறது. அடுத்த சபைக்கு எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள், தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வாருங்கள்.