மார்கழிக் காலையும் கைக்கடிகாரமும்

மார்கழி பிறந்ததும் போடிநாயக்கனூரின் விடியற்காலைக்குப் புதுச் சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் முந்தல் வழியே மலையேறும் பொழுதில், சாலையோரத்தில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுகின்றனர். பொங்கலையொட்டித் தமிழகத்தின் பல ஊர்களில் நடைபெறும் 5, 10 கிலோமீட்டர் சாலை ஓட்டங்களே அவர்களது இலக்கு. (இவற்றையும் நம் மக்கள் மாரத்தான் என்றே அழைக்கின்றனர், மாரத்தானின் உண்மைத் தொலைவு 42.195 கிலோமீட்டர்.) பரிசுக்காக ஓடுவோர் சிலரே. ஏனையோர் சென்ற ஆண்டில் தாம் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறைக்கவே ஓடுகின்றனர்.

சர்க்கரை நோய்க்கோ இரத்தக் கொதிப்புக்கோ மருந்து உட்கொள்வோர் இதில் சேரலாமா? மருத்துவரின் ஒப்புதலோடு, நடையில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறினால் பலரும் சேரலாம் என்பதே எங்கள் கருத்து. 2021இல் நலவாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், விபத்தில் முழங்கால் அடிபட்டவர். சர்க்கரை நோயும் உடையவர். அவர் 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தை நூறு முறைக்கு மேல் நிறைவு செய்துள்ளார். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் அரசின் திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. ஓட விரும்புவோர் முதலில் நடந்து பழக அது நல்ல வாய்ப்பு.

குளிர்காலத்தில் நேரம் குறைவதற்குக் காரணம் உண்டு. வெயிலில் ஓடும்போது உடலைத் தணிக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குச் செல்கிறது. அதே வேகத்துக்கு இதயம் மிகுதியாகத் துடிக்க நேர்கிறது. குளிரில் அச்சுமை குறைவு. ஆயினும் குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும். குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமாவைத் தூண்டும். ஆகவே இதயநோயரும் இளைப்பு நோயரும் விடிந்து சற்று வெப்பம் ஏறிய பின், பத்து நிமிடம் நடந்துவிட்டே வேகத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது மலைச்சாலை. போடியிலிருந்து போடிமெட்டு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், 17 கொண்டைஊசி வளைவுகளுக்கு அப்பால் இருக்கிறது. குளிரும் ஐந்தாறு பாகை கூடுதல். மேட்டில் ஏறுகையில் மூச்சும் இதயமும் திணறும். இறங்குகையில் முழங்காலும் தொடைத் தசையும் அடிவாங்கும். சரிவில் இறங்கி ஓடி எடுத்த நேரத்தைச் சமதள நேரத்தோடு ஒப்பிடுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். சாலை ஓட்டச் சாதனைகளை ஏற்க, ஓடுபாதை கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் தாழக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பே விதித்துள்ளது.

மருந்துகளும் கணக்கைக் குழப்பும். பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத்துடிப்பைத் தாழ்த்திவைப்பதால், கடிகாரம் காட்டும் துடிப்பெண்ணை நம்பி வேகம் கூட்டக் கூடாது. ஓடுகையில் ஒரு வாக்கியம் தடையின்றிப் பேச முடிகிறதா என்று பார்ப்பதே மேல். இன்சுலின் போடுவோர் இனிப்பை உடன் வைத்திருக்கட்டும். காய்ச்சல் நாள்களில் ஓட்டமே வேண்டாம். சில வைரஸ் தொற்றுகள் இதயத் தசையையும் தாக்கும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் முடிவுக்கோடு கண்ணெதிரே தெரிந்தாலும் நின்றுவிட வேண்டும். உடன் இருப்பவர் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

ஓட முடியாதவர்க்கும் இத்தகைய அளவுகோல் ஒன்று மருத்துவத்தில் உண்டு. 30 மீட்டர் நீளச் சமதளத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்று இதய, நுரையீரல் நோயரைச் சோதிப்பர். ஓடுவதற்கு அனுமதி இல்லை. களைத்தால் நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. நெடுநாள் நுரையீரல் நோயரிடம் முன்னைவிடச் சுமார் 30 மீட்டர், அதாவது தாழ்வாரத்தின் ஒரு நீளம், கூடினாலே மருத்துவர் அதை முன்னேற்றமாகக் கொள்வார். இச்சோதனை செய்துகொண்டவரின் குடும்பத்தார் அத்தொலைவைத் தேதியுடன் குறித்துவைத்து, அடுத்த முறை வருகையில் அந்தச் சீட்டையும் கொண்டுவர வேண்டுகிறோம்.